பவுடர் டப்பாவுல வந்த லாந்தெரோன் 48

மாயவரம் பக்கம் குத்தாலத்துல மோட்டார் காயில் கட்டுறது என் தொழில். மேட்டூர்ல தண்ணி விட லேட்டானா போர்செட் எல்லாம் ராத்திரி பகலா ஓடி, எரிஞ்ச மோட்டார் என் கடை வாசல்ல வரிசையா கிடக்கும், ஜூன் 12 சொன்ன தேதிக்குத் திறந்துட்டா நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். விவசாயிக்கு நல்ல வருஷம்னா எனக்கு டல் வருஷம். அப்படி ஈ ஓட்டுன ஒரு சீசன்ல ஒரு பழைய வாட்ச் மெஷினை ஓட வெச்ச கதைதான் இது.

பழைய வாட்ச் சேக்குற கிறுக்கு பதினஞ்சு வருஷமா இருக்கு. மத்ததையெல்லாம் வித்துட்டு இப்ப மெக்கானிக்கல் க்ரோனோகிராஃப் மட்டும்தான் வெச்சிருக்கேன், அதாவது ஸ்பிரிங்குல ஓடுற கை வாட்சுக்குள்ளயே ஒரு ஸ்டாப்வாட்ச், பேட்டரி கிடையாது, பக்கத்துல ரெண்டு பட்டன். நம்ம பக்கம் கிடைக்கிறதுல முக்காவாசி சீக்கோ 6139. சிங்கப்பூர்லயும் வளைகுடாவுலயும் இருந்து எழுபதுகள்ல ஊருக்கு வந்தவங்க கட்டிக்கிட்டு வந்தது. 1969ல வந்த மெஷின், கை அசைவுலயே சாவி ஏறுற ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப்னு உலகத்துல முதல்ல வந்த மூணுல ஒண்ணு. என்கிட்ட ரெண்டு இருக்கு, ரெண்டும் நல்லா ஓடுது, அதனால அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல.

இது வேற கதை. காரைக்கால்ல சொல்தா வீடுன்னு சொன்னா அங்க எல்லாருக்கும் புரியும், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவங்க வீடு, இன்னும் சில வீட்டுல பிரான்ஸ் பென்ஷன் வருது. அப்படி ஒரு வீட்டுப் பையனுக்கு மோட்டார் கட்டிக் குடுத்த பழக்கம். என் மேஜை மேல வாட்ச் பிரிச்சுப் போட்டிருக்கறதப் பாத்துட்டு, எங்க தாத்தா சைகோன்ல வாங்குன வாட்ச் ஒண்ணு இருக்கு அண்ணே, ஆயாகிட்ட இருக்குன்னான். அடுத்த ஞாயித்துக்கிழமையே தரங்கம்பாடி வழியா பைக்கை விட்டேன்.

ஆயா உள்ள போயி ஒரு குட்டிக்கூரா பவுடர் டப்பாவ எடுத்துக்கிட்டு வந்து மேஜை மேல கவுத்தாங்க. வாட்ச் வரல, வாட்சோட உடம்பு மட்டும் வந்துச்சு. டயல், முள்ளு, உள்ள மெஷின், அவ்வளவுதான், கேஸ் இல்ல, கண்ணாடி இல்ல, சாவி இல்ல, பட்டன் இல்ல.

"தங்கமெல்லாம் பேத்தி கல்யாணத்துக்குப் போயிருச்சு தம்பி. மெஷின் வேணாம்னு ஆசாரி திருப்பிக் குடுத்துட்டாரு."

டயல்ல 'க்ரோனோகிராஃப் சுவிஸ்'னு போட்டிருந்துச்சு. இது ஒரு கம்பெனி பேரு இல்ல, சுவிட்சர்லாந்துல பல சின்னச் சின்ன ஆளுங்க இதே பேரைப் போட்டு, மெல்லிசா தட்டுன 18 காரட் தங்கக் கேஸ்ல வெச்சு, துறைமுகம் துறைமுகமா கப்பக்காரனுக்கும் பட்டாளத்தானுக்கும் வித்த சரக்கு. தங்க விலை ஏற ஏற இந்த மாதிரி வாட்ச் எத்தனையோ உலகம் பூரா உலையில போயிருச்சு, கேஸ் உருகும், மெஷின் குப்பைக்குப் போகும். இது குப்பைக்குப் போகாம பவுடர் டப்பாவுக்குப் போனதே பெரிய விஷயம். ஆயா ஐநூறு ரூபா கேட்டாங்க, எனக்கு மனசு கேக்கல, நாலாயிரம் குடுத்தேன். டப்பாவோடவே குடுத்தாங்க.

தாத்தா இந்தோசைனாவுல இருந்து திரும்பி வந்தது சண்டை முடிஞ்சதும். 1954 ஜூலையில ஜெனீவாவுல ஒப்பந்தம் ஆச்சு, அதே வருஷம் நவம்பர் 1ந் தேதி காரைக்கால் நிர்வாகமும் இந்தியாகிட்ட வந்துருச்சு. மனுஷன் எந்தக் கொடிக்குக் கீழ கிளம்புனாரோ, வந்து இறங்குன கொஞ்ச நாள்லயே ஊருல அந்தக் கொடி இல்ல.

வீட்டுக்கு வந்து கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டுப் பாத்தேன். பேலன்ஸ், அதாவது முன்னயும் பின்னயும் ஆடுற வீல், அது பக்கத்துல தட்டுல 48னு நம்பர். லாந்தெரோன் 48. லெ லாந்தெரோன்ங்கறது சுவிட்சர்லாந்துல நெசாத்தெல் பக்கம் ஏரிக்கரையில இருக்கற ஒரு ஊரு, ஊர் பேருதான் மெஷின் பேரு. 17 கல்லு, கையால சாவி குடுக்குறது, மணிக்கு 18,000 தட்டு, அதாவது செகண்டுக்கு அஞ்சு, அதனாலதான் டயல் ஓரத்துல ஒவ்வொரு செகண்டையும் அஞ்சா பிரிச்சுக் கோடு போட்டிருக்கான். இடது பக்கம் சின்ன வட்டத்துல ஓடுற செகண்ட் முள்ளு, வலது பக்கம் நிமிஷ வட்டம், நடுவுல நீளமா ஸ்டாப்வாட்ச் முள்ளு.

விலை ஒசந்த க்ரோனோகிராஃப்ல பட்டன் அமுக்குறதை உள்ள இருக்கற வேலைக்கு மாத்திக் குடுக்க காலம் வீல்னு ஒண்ணு இருக்கும், காலம்னா இங்கிலீஷ்ல தூண், கோயில் மண்டபத்துத் தூண் மாதிரி சின்னச் சின்னத் தூணா நிக்கும். லாந்தெரோன்ல அது கிடையாது, தகட்டுல வெட்டுன ஒரு கேம், முன்னயும் பின்னயும் அசையும், அவ்வளவுதான். கேம்னா மட்டம்னு சேக்குறவங்க மூக்கைச் சுளிப்பாங்க. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்லயே 1968 வாக்குல காலம் வீல் இருந்த 321ங்கற மெஷினை விட்டுட்டு கேம் வெச்ச 861க்கு மாறிட்டான், அதுக்கு என்ன சொல்லுவாங்கன்னு தெரியல.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வரேன்.

கேஸ் இல்லாததால பட்டனும் இல்ல, ஆனா பட்டன் போய் இடிக்கிற லிவர் ரெண்டும் மெஷின் ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கும், பல்லுக்குச்சியால அதை அமுக்கிப் பாக்கலாம். ஒரு பழைய ஸ்டெம்மை, அதாவது சாவியோட தண்டை, சொருகி ரெண்டு சுத்து சாவி குடுத்தேன், நொண்டி நொண்டி ஓடுச்சு. மேல் லிவரை அமுக்குனேன், ரெண்டாவது தடவையில ஸ்டாப்வாட்ச் முள்ளு கிளம்பிருச்சு. ஆகான்னு இருந்துச்சு. திரும்ப மேல் லிவரை அமுக்குனேன், நிக்கல. நல்லா அமுக்குனேன், நிக்கல. சீக்கோவுல, சிட்டிசன்ல, நான் தொட்ட எல்லா வாட்சுலயும் மேல் பட்டன்தான் ஓடவும் விடும், நிறுத்தவும் செய்யும், கீழ் பட்டன் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டாரும். ஓடும்போது கீழ் பட்டனைத் தொடக்கூடாதுன்னு கையிலயே ஊறிப்போச்சு, அதனால கீழ் லிவரை நான் தொடவே இல்ல. மேல் பக்கம் ஏதோ உடைஞ்சிருக்குன்னு முடிவு பண்ணிட்டேன்.

மூணு சாயந்திரம் போச்சு. லென்ஸ்ல பாத்தா மேல் லிவரோட நுனியில அரம் போட்ட கோடு தெரியுது, யாரோ ராவி இருக்காங்க. சரி நமக்கு முன்னாடி ஒருத்தன் பாத்திருக்கான், அப்ப பழுது நிஜம்தான்னு இன்னும் உறுதியாயிடுச்சு. அந்த உறுதியில ஒரு காரியம் பண்ணேன். க்ரோனோகிராஃப் பக்கம் சில ஸ்குரூ தலைகள் இருக்கும், பாத்தா ஸ்குரூ மாதிரியே நடுவுல காடி வெட்டியிருக்கும், ஆனா அது ஸ்குரூ இல்ல, எக்சென்ட்ரிக், நடு தப்பி நிக்கிற முளை, திருப்புனா பக்கத்துல இருக்கற லிவர் மயிரளவு தள்ளி நிக்கும், ஃபேக்டரியில ஒரு தடவை செட் பண்ணிட்டு விட்டுருவான். அதுல ஒண்ணைத் திருப்பிட்டேன். மார்க் பண்ணாம. மோட்டார்ல வயர் கழட்டுறதுக்கு முன்னாடி டேக் கட்டாத பையனை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்னு என் கடைப் பசங்களைக் கேட்டுப் பாருங்க.

நாலாம் நாள் காரைக்காலுக்குப் போன் போட்டேன், கேஸ் எப்படி இருந்துச்சு, பட்டன் உருண்டையா நீட்டமான்னு கேக்க. பையன் ஆயாகிட்ட போனைக் குடுத்தான். கேஸ் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாங்க, அப்பறம் அவங்களாவே, "அவரு பிள்ளைங்கள தெருவுல ஓடவிட்டு கையில வெச்சுப் பாப்பாரு தம்பி. மேல தட்டுனா ஓடும், கீழ தட்டுனா நிக்கும், இன்னொருக்கா கீழ தட்டுனா மொதல்ல இருந்த எடத்துக்கு வந்துரும்"னாங்க.

நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டே இன்னொரு கையில பல்லுக்குச்சிய எடுத்து கீழ் லிவரை அமுக்குனேன். முள்ளு நின்னுச்சு. இன்னொரு தடவை அமுக்குனேன், டக்குன்னு பன்னெண்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுச்சு.

லாந்தெரோன் 48ஓட அமைப்பே அதுதான். மேல் பட்டனுக்கு ஓட்டுற வேலை மட்டும். நிறுத்துறது, பூஜ்யம் பண்றது ரெண்டும் கீழ் பட்டன். நிறுத்துன பிறகு திரும்ப மேல அமுக்குனா விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்து ஓடும், அதுவும் சவுகரியம்தான். நல்லா இருந்ததைத்தான் நானும் எனக்கு முன்னாடி அரத்தோட வந்த புண்ணியவானும் ரிப்பேர் பண்ணியிருக்கோம். அவரு ராவுனதால லிவர் நுனி குட்டையாகி, இப்ப நிஜமாவே ஒரு பழுது வந்துருச்சு: மேல அமுக்குனா ரெண்டு தடவைக்கு ஒரு தடவைதான் கேம் முழுசா தள்ளுது. ஆயாகிட்ட யாரும் கேக்கல. ரிப்பேருக்கு ஆம்பளைங்கதானே எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க.

அப்பறம் டோனர் தேடுனேன், அதாவது பாகம் கழட்டி எடுக்க இன்னொரு வாட்ச். ஆன்லைன்ல அதே 48 மெஷின், டயல் பூரா புண்ணு, பேலன்ஸ் உடைஞ்சது, ஆனா ஸ்டீல் கேஸும் பட்டனும் சாவியும் நல்லா இருந்த ஒரு வாட்ச் ஒன்பதாயிரத்து ஐநூறுக்குக் கிடைச்சுது. கேஸும் ஆச்சு, ராவாத லிவரும் ஆச்சு. அந்தக் கேஸ்ல நம்ம டயல் உக்காருமான்னு வெர்னியர் வெச்சு அளந்தேன், சுத்தி மயிரளவு சந்து விழும், ஆனா கண்ணாடியைச் சுத்தி இருக்கற வளையம், பெசல், அதுக்கு அடியில மறைஞ்சுடும். தங்கத்துல செஞ்சு போடலாமேன்னு மச்சான் கேட்டான். காயில் கட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா அது.

பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன், இது விளையாட்டு இல்ல. அந்தக் காலத்து டயல்லயும் முள்ளுலயும் இருட்டுல மின்னுறதுக்கு ரேடியம் பெயின்ட் பூசியிருப்பாங்க. இப்ப மின்னாது, பழுப்பா காஞ்ச புளி மாதிரி இருக்கும். மின்னலைங்கறதால செத்துருச்சுன்னு நினைக்காதீங்க, செத்தது கூட கலந்த பாஸ்பர்ங்கற மின்னுற பொடிதான், ரேடியம் பாதியாகவே 1,600 வருஷம் ஆகும். கட்டிக்கிட்டுப் போறதுல பயம் பெருசா இல்ல, சுரண்டி அந்தத் தூசியை மூக்குல இழுத்தாதான் வம்பு. நான் முள்ளைக் கழட்டுனது மாஸ்க் போட்டுக்கிட்டு, அடியில ஈரத் துணி விரிச்சு, கழட்டுனதும் டயலையும் முள்ளையும் மூடி போட்ட டப்பாவுல வெச்சாச்சு. புதுசு மாதிரி ஆக்குறேன்னு பெயின்ட்டைச் சுரண்டுற ஆளுங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

சாமான் வெக்கிறதுக்கு மினி இட்லித் தட்டு. நான் கண்டுபிடிச்ச டெக்னாலஜிகள்ல இதுதான் பெஸ்ட்டு. ஒவ்வொரு குழியிலயும் ஒரு லிவர், அதோட ஸ்குரூ, அதோட ஸ்பிரிங்கு, எந்த வரிசையில கழட்டுனேனோ அந்த வரிசையில, ஒவ்வொரு குழிக்கும் போன்ல ஒரு போட்டோ. வீட்டம்மா தட்டைத் தேடி கடைக்கே வந்துட்டாங்க. புதுத் தட்டு ரெண்டு வாங்கிக் குடுத்து சமாதானம் ஆச்சு.

முதல்ல மெயின் ஸ்பிரிங்கோட இறுக்கத்தை மெதுவா இறக்கணும், அதை மறந்து வீலை மேலேர்ந்து பிடிச்சிருக்கற தகட்டை, பாலம்னு சொல்லுவோம், கழட்டுனா வீலெல்லாம் ஒரே சுத்தா சுத்திப் பல்லு போயிரும். அப்பறம் க்ரோனோகிராஃப் லேயர், அதுக்குக் கீழ சாதா வாட்ச் மெஷின். கஜா புயல்ல இவங்க வீட்டு ஓடு பறந்து பீரோவுக்குள்ள தண்ணி போயிருக்கு, 2018 நவம்பர்லேர்ந்து டப்பாக்குள்ளயே ஊறுன ஈரம், சாவி பக்கம் இருந்த லிவர்ல துரு. நல்லவேளை பல்லு இருக்கற வீல்ல ஒண்ணும் இல்ல. முன்னாடி எண்ணெய் விட்ட மகராசன் தையல் மெஷின் எண்ணெயை ஊத்தியிருப்பான் போல, எல்லாம் வெல்லப்பாகு மாதிரி இழுக்குது.

கழுவுனது பெட்ரோல் வகையில, ஸ்பிரிட்டுல இல்ல. ஏன்னா டிக் டிக்னு வீலைத் தடுத்துத் தடுத்து விடுற பேலட்ல இருக்கற ரெண்டு கல்லையும் ஒட்டியிருக்கறது அரக்கு, பேலன்ஸ்ல இருக்கற குட்டிக் கல்லும் அப்படித்தான். அரக்கு ஸ்பிரிட்டுல கரையும். ஒரு தடவை வேற வாட்ச்ல அவசரப்பட்டு ஸ்பிரிட்டுல முக்கி எடுத்தேன், கல்லு ரெண்டும் கிண்ணத்துக்கு அடியில கிடந்துச்சு. ஓட்டைகளைச் சுத்தம் பண்ண வேப்பங்குச்சிய ஊசியா சீவி, கல்லுக்குள்ள விட்டுத் திருகுனா கறுப்பா வரும், திரும்பச் சீவித் திருகணும், குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும். இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

ரெண்டாவது நாள் நிமிஷ வீலைப் பிடிச்சு நிறுத்துற ஸ்பிரிங்கு பறந்துருச்சு. மயிரு மாதிரி மெல்லிசா ஒரு கம்பி, சாமணத்துலேர்ந்து நழுவுனது தெரியும், டிங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். தரையில காப்பர் கம்பித் துண்டு, வார்னிஷ் தூள், பேப்பர், எல்லாம் கிடக்குற ஒர்க்ஷாப். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து தரை பூரா இழுத்தேன், காப்பர் ஒட்டாது, ஸ்டீல் ஒட்டும்னு கணக்கு. முக்கால் மணி நேரத்துல ஸ்பிரிங்கு கிடைச்சுது. கிடைச்ச சந்தோஷத்துல அதைக் காந்தத்துலேர்ந்து அதே சாமணத்தால எடுத்தேன்.

அங்கதான் அடுத்த தப்பு. சாமணம் காந்தமாயிடுச்சு. அதே சாமணத்தால நாள் பூரா ஸ்குரூ எடுத்தேன், பேலன்ஸைத் தூக்கி வெச்சேன். சாதா மெஷின் மட்டும் கோத்து, டிக் டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்குற டைம்கிராஃபர்ல வெச்சா நாளுக்கு முந்நூறு செகண்டுக்கு மேல ஓட்டமா ஓடுது. பேலன்ஸை ஆட்டுற மெல்லிசு ஹேர் ஸ்பிரிங்கோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங்கோட நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், பேலன்ஸ் சீக்கிரம் சீக்கிரம் ஆடும். எண்ணெய் பட்டாலும் அப்படித்தான் ஒட்டும், ஆனா லென்ஸ்ல எண்ணெய் இல்ல. சின்ன திசைகாட்டியை மெஷின் மேல வெச்சேன், முள்ளு கோயில் யானை மாதிரி தலையாட்டுச்சு.

காந்தம் எடுக்குற மெஷின் கடையில விக்குது, ஆனா காயில் கட்டுறவன் காயிலைக் காசு குடுத்து வாங்குனா அது கேவலம். ரெண்டு இன்ச் பிவிசி பைப்ல 24 கேஜ் கம்பி, 300 சுத்து, நாலு சென்டிமீட்டர் அகலத்துல அடுக்கடுக்கா சுத்துனேன். இதை நேரா 230 வோல்ட்டுல குடுத்தா புகை வந்துரும், 12 வோல்ட் 3 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர்லதான் குடுக்கணும், ரெண்டரை ஆம்பியர் பக்கம் இழுக்குது, ரொம்ப நேரம் வெச்சா சுடும், பத்து செகண்டுக்கு மேல வெக்க வேண்டிய அவசியமும் இல்ல. ஏசி கரண்ட்டுங்கறதால காயிலுக்குள்ள காந்தப்புலம் செகண்டுக்கு அம்பது தடவை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மாறும். வாட்சை உள்ள விட்டு, கரண்ட் ஓடும்போதே மெதுவா இழுத்து ஒரு முழம் தள்ளி வெளிய கொண்டாந்துட்டு, அப்பறம்தான் சுவிட்சை ஆஃப் பண்ணணும், வெளிய வர வர புலம் குறைஞ்சுகிட்டே போயி இரும்புல ஒட்டுன காந்தம் கரைஞ்சுடும். உள்ள இருக்கும்போதே ஆஃப் பண்ணா அந்த நேரத்துல எந்தப்பக்கம் புலம் இருந்துச்சோ அப்படியே ஒட்டிக்கும், முன்னைக்கு இப்ப மோசம். டிசி குடுத்தா சொல்லவே வேணாம், கடைப் பையன் பேட்டரி சார்ஜர்ல குடுக்கலாமாண்ணேன்னான். சாமணத்தையும் ஸ்குரூ டிரைவரையும் சேத்து விட்டு எடுத்தேன். திசைகாட்டி அமைதியாயிடுச்சு, மெஷினும் நாளுக்கு பதினெட்டு செகண்ட் ஓட்டத்துக்கு வந்துருச்சு.

மெயின் ஸ்பிரிங்கு பழசு, வெளிய எடுத்தா விரியவே இல்ல, கிணத்துக் கயிறு மாதிரி சுருண்டே கிடந்துச்சு, புதுசு போட்டேன். எண்ணெய் மோபியஸ் 9010 வேகமா ஓடுற வீலுக்கு, கனமானது மெதுவா ஓடுற பக்கத்துக்கு, ரெண்டு மில்லி பாட்டில் விலையைக் கேட்டா நெய்யை விட்டுரலாம்னு தோணும், ஆனா ஒரு வாட்சுக்கு ஒரு சொட்டு கூட ஆகாது.

க்ரோனோகிராஃப் லேயரைக் கோக்குறதுதான் ருசியான இடம். எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கற செகண்ட் வீலோட அச்சு முனை மேல ஒரு வீல். அதோட பல்லுல எப்பவும் கோத்துக்கிட்டு, ஆடுற ஒரு கை மேல உக்காந்திருக்கற இன்னொரு வீல். நடுவுல, ஸ்டாப்வாட்ச் முள்ளுக்கு அச்சா இருக்கற மூணாவது வீல், பல்லு கண்ணுக்கே தெரியாத பொடிசு. மேல் பட்டனை அமுக்குனா கேம் நகரும், அந்தக் கை சாஞ்சு ரெண்டாவது வீலைக் கொண்டுபோய் மூணாவதுல கோக்கும், முள்ளு கிளம்பிரும். கீழ் பட்டன் அதைப் பிரிச்சு பிரேக்கை வெக்கும். இன்னொரு தடவை அமுக்குனா சுத்தியல் மாதிரி ஒரு லிவர் வந்து, வெத்தலை வடிவத்துல அச்சுல இருக்கற கேமை அடிக்கும். எந்தப்பக்கம் அடிச்சாலும் சறுக்கி அது ஒரே இடத்துலதான் போய் நிக்கும், அதனாலதான் முள்ளு எங்க இருந்தாலும் பன்னெண்டுக்கு வருது. மனுஷன் யோசிச்ச அழகான வடிவத்துல இது ஒண்ணு.

பல்லு எவ்வளவு ஆழம் கோக்கணும்ங்கறதுதான் நான் கெடுத்து வெச்ச எக்சென்ட்ரிக். ரொம்ப ஆழமா போனா ரெண்டு வீலும் ஒண்ணை ஒண்ணு அழுத்தி, ஸ்டாப்வாட்ச் போட்டதும் வாட்சே படுத்துரும். மேலாக்க தொட்டா முள்ளு வழுக்கும், துள்ளும். பல்லோட உயரத்துல மூணுல ரெண்டு பங்கு உள்ள போகணும், லென்ஸ்ல பாத்தா நுனிக்கும் அடிக்கும் நடுவுல ஒரு கோடு வெளிச்சம் தெரியணும். சாயந்திரம் ஆறுலேர்ந்து பத்து வரைக்கும் இதுதான். டேபிள் லைட்டை மெஷினுக்குப் பின்னாடி வெச்சு, ஸ்குரூ டிரைவரை ஒரு மூச்சளவு திருப்புறது, அமுக்குறது, பாக்குறது, பிரிக்கிறது, திருப்புறது. நடுவுல ஒரு தடவை கரண்ட் போச்சு, போனதும் நல்லதுக்குத்தான், காப்பி குடிச்சேன். பத்து மணிக்கு அந்த வெளிச்சக்கோடு ஒரே சீரா வந்துச்சு, வீலை ஒரு முழுச் சுத்து விட்டுப் பாத்தேன், எங்கயும் அடைக்கல. இந்தத் தடவை பெர்மனன்ட் மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சேன்.

பொடிப் பல்லு மூணுலயும் எண்ணெய் கூடாது. நல்லா ஓடட்டும்னு விட்டா தூசி ஒட்டி முன்ன இருந்த வெல்லப்பாகு கதைதான்.

டைம்கிராஃபர் கணக்கு: டயல் மேல பாத்து வெச்சா பேலன்ஸ் வீச்சு 255 டிகிரி, ஸ்டாப்வாட்ச் ஓடும்போது 232. கழுவுறதுக்கு முன்னாடி சும்மாவே 170தான் இருந்துச்சு. இருபத்து மூணு டிகிரி இழக்குறது இந்த மாதிரி பக்கவாட்டுல பல்லு கோக்குற மெஷினுக்குச் சகஜம், சீக்கோ 6139ல மேலேர்ந்து அமுக்கிப் பிடிக்கிற கிளட்சுங்கறதால இந்த அளவு விழாது. ஓட்டத்தைக் கொஞ்சம் சரி பண்ணி நாளுக்குப் பன்னெண்டு செகண்ட் முன்னாடின்னு விட்டுட்டேன், எழுபது வயசு கெழவனை அதுக்கு மேல படுத்தக்கூடாது.

டயல் ஓரத்துல பிரெஞ்சுல ரெண்டு ஸ்கேல் இருக்கு, ஒண்ணு டாக்கிமீட்டர், ஒண்ணு டெலிமீட்டர். டாக்கிமீட்டர்னா ஒரு கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமோ அதுக்கு நேரா மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருக்கும், 36 செகண்டுன்னா 100, 45ன்னா 80. மாயவரத்துலேர்ந்து தஞ்சாவூர் பாசஞ்சர்ல ஏறி ஜன்னலோரம் உக்காந்து, குத்தாலம் தாண்டுனதும் தண்டவாளத்து ஓரம் கிலோமீட்டர் கல்லைப் பாத்து மேல அமுக்குனேன், அடுத்த கல்லுல கீழ அமுக்குனேன். 48 செகண்ட், முள்ளு 75ல நிக்குது. எதிர்ல இருந்த பெரியவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, என்ன தம்பி ரயிலு லேட்டான்னாரு. அவருக்கு விளக்கிச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆடுதுறை வந்துருச்சு, திருவிடைமருதூர்ல இறங்கறவரை வாட்சை அவரு கையிலேர்ந்து வாங்க முடியல.

டெலிமீட்டர் பீரங்கிக்காரனுக்கான ஸ்கேல். வெளிச்சம் தெரிஞ்சதும் அமுக்கணும், சத்தம் கேட்டதும் நிறுத்தணும், முள்ளு நிக்கிற இடத்துல தூரம் கிலோமீட்டர்ல. சைகோன்ல தாத்தா இதை எதுக்குப் பாத்திருப்பாருன்னு யோசிச்சா கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு. நான் பாத்தது கோயில் வேட்டுக்கு. ஆத்துக்கு அந்தப்பக்கம் ஊர்ல அம்மன் கோயில் திருவிழா, மொட்டை மாடியில நின்னா வயக்காடு தாண்டி வெளிச்சம் தெரியும். அஞ்சாறு வேட்டுக்கு வெச்சுப் பாத்தேன், ஆறு செகண்ட் பக்கம், ஸ்கேல்ல ரெண்டு கிலோமீட்டர். போன்ல மேப்பைத் திறந்து நேர்கோடு போட்டா 2.1. பைக்ல பாலம் சுத்திப் போனா மூணரை ஆகும், அதனால நான் இத்தனை வருஷமா அந்தக் கோயிலை ரொம்ப தூரம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த 100 மீட்டர் வித்தியாசத்துக்கு என் கட்டைவிரலும் காரணம், நம்ம ஊர் சூடும் காரணம். ஜீரோ டிகிரியில சத்தம் செகண்டுக்கு 331 மீட்டர் போகும், முப்பது டிகிரியில 349 போகும்.

சரியாகாத ஒண்ணு பாக்கி இருக்கு. பூஜ்யம் பண்ணா முள்ளு பன்னெண்டுக்கு முன்னாடி அரை செகண்ட்ல நிக்குது. முள்ளோட குழாய் அச்சுல லூசா, இல்ல நான் மாட்டும்போது வெச்ச கோணமான்னு பாக்கணும். திரும்பக் கழட்டுனா அந்த ரேடியம் முள்ளைத் தொடணும், அதனால அப்படியே கிடக்கட்டும்னு விட்டிருக்கேன்.

காரைக்காலுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். ஆயா கையில வாங்குனதும் கனக்குதேன்னாங்க, மெல்லிசு தங்கத்தைப் பிடிச்ச கை, ஸ்டீல் கனக்கத்தான் செய்யும். கண்ணாடியைத் தேடல, பட்டனைத் தேடல, கட்டைவிரல் நேரா மேல் பட்டனுக்குப் போச்சு. முள்ளு ஒரு சுத்து வர்ற வரைக்கும் காதுல வெச்சுக் கேட்டாங்க. கீழ ஒரு தட்டு, நின்னுச்சு. இன்னொரு தட்டு. அரை செகண்ட் தள்ளி நிக்கிறது அவங்க கண்ணுக்குத் தெரியல, நானும் சொல்லல.

நீங்களே வெச்சுக்குங்க ஆயான்னேன். அதெல்லாம் வேணாம், உங்கிட்டயே இருக்கட்டும், இங்க இருந்தா இதையும் எங்கயாவது குடுத்துருவானுங்கன்னு பேரனைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க. நான் பைக்கை எடுக்கும்போது வாசல் வரைக்கும் வந்து, "தம்பி, அந்த பவுடர் டப்பாவ என்னா பண்ணுனே?"ன்னாங்க.

அது என் மேஜையில இருக்கு, டோனர்லேர்ந்து மிச்சமான ஸ்குரூவும் அரம் போட்ட பழைய லிவரும் அதுலதான் கிடக்கு. பொங்கலுக்குள்ள காலி பண்ணிக் கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.